யாத்விகாவுக்கு ஒரு கல்லறை

பக்கத்துத் தோட்டத்து போஜெனா வேலிக்கு மேலே நீட்டியது சாமந்தித் தொட்டி என்று கண்ணில் பட்ட பிறகுதான், தன் பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள் என்பது எட்மண்டுக்குத் தெரியவந்தது.

யாத்விகா அந்த நேரம் பால்டிக் கடலோரத்தில், தங்கச்சி வீட்டு அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டு இருந்திருப்பாள். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் அவர்கள் ஊரான ராதோமில் சாமந்தியை உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளும் சேர்க்க மாட்டார்கள். அது கல்லறைக்குப் போகிற பூ. கல்லறைத் திருநாள் நெருங்கும் அக்டோபரில் ஒரு பொம்பளை மூக்கைச் சிந்திக்கொண்டு சாமந்தித் தொட்டியை நீட்டினால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

"பான் எட்மண்ட், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா எங்ககிட்ட?" என்றாள் போஜெனா. "இத்தனை நாளா மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கியிருக்கீங்களே."

எட்மண்ட் தொட்டியை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முந்தாநாள் மூட்டிய தீயால் வந்தது. உதிர்ந்த இலைகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தவர், கொட்டகைக்குள் ஆணியில் தொங்கிய யாத்விகாவின் தோட்டத்து மேலுடுப்பைப் பார்த்தார். எடுத்துத் தீயில் போட்டார். வைக்கோல் தொப்பியைப் போட்டார். ரப்பர் பூட்ஸையும் போட்டார். கோபத்தில் செய்ததுதான். ரப்பர் எரிந்து கரும்புகை கிளம்பி, கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்த போஜெனா இதைப் பார்த்திருக்கிறாள். ஆகஸ்டிலிருந்து யாத்விகாவைக் காணோம். புருஷன் அவள் துணியை எரிக்கிறான், எரித்துக்கொண்டே அழுகிறான். கூட்டிப் பார்த்திருக்கிறாள். கூட்டினதில் குறை சொல்ல முடியாது. விடைதான் தப்பு.

இல்லையம்மா, அவள் சாகவில்லை, என்னை விட்டுப் போய்விட்டாள் என்று அப்போதே சொல்லியிருந்தால் கதை வேலியோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சொல் எட்மண்டின் வாயிலிருந்து இதுவரை யாரிடமும் வந்ததில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கும்போதுகூட வந்ததில்லை.

போஜெனா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். சாவு என்றால் அவளுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"சுகர்தானே?" என்று கேட்டாள்.

எட்மண்ட் தலையை ஆட்டினார்.

அவர் சொன்ன முதல் பொய் அதுதான். அதற்குச் சத்தம்கூட இல்லை.

ரயில் பாதைக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்த அந்தத் தோட்டங்களில் ஒரு சேதி பரவுவதற்கு ஒரு வாளி தண்ணீர் நிறைகிற நேரம் போதும். ஆளுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு மரக் கொட்டகை, நடுவில் இடுப்புயர வேலி. உறைபனி விழுந்தால் டேலியாப் பூவெல்லாம் ஒரே ராத்திரியில் வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும். அதனால் அதற்கு முன்னால் மிச்சமிருக்கிற பூவை வெட்டி, வாளியில் போட்டு, வேலிக்கு வேலி கொடுத்துக்கொள்வார்கள். எட்மண்டின் வேலிக்கும் வாளி வரும். ஆனால் அது யாத்விகாவுக்கு வருகிற வாளி. அவர் பக்கத்தில் நின்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள்.

காரணம் இருந்தது. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்மேனாக வேலை பார்த்த காலத்திலிருந்தே எட்மண்ட் யாரையும் நம்பினதில்லை. ஒருவன் சும்மா கொடுக்கிறான் என்றால் பின்னால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். மறுபக்கத்து வேலிக்காரர் லுத்விக் தன் தண்ணீர்க் குழாயைத் திருடிவிட்டதாக ஒரு கோடையில் எட்மண்ட் எல்லார் முன்னாலும் கத்தினார். குழாய் எட்மண்டின் கொட்டகைக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. கிடைத்துவிட்டது என்று சொல்லப் போகவும் இல்லை. யாத்விகாதான் ஒரு ஜாடி ஊறுகாயை எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

அதனால் இந்த வருஷம் வாளி வராது என்று இருந்தார். வந்தது.

முதல் வாளியில் ஊதா ஆஸ்டர். எட்மண்ட் பூவைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது. அடுத்தது ரோஜா, கடைசி ரோஜா, பாதி மொட்டிலேயே குளிரில் நின்றுபோனது. அப்புறம் வரிசைக் கோடியிலிருந்து ஒருத்தி சூரியகாந்தியும் பிளம் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். பேர்கூட அவருக்குத் தெரியாது. இவர்கள் தோட்டத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினார். தனிக்கட்டைக் கிழவன், இனி எங்கே தோட்டம் போடப் போகிறான் என்று கணக்குப் போடுகிறார்கள். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே இந்த முடிவுக்கு வந்தார். கேக் நன்றாக இருந்தது.

சாயங்காலம் லுத்விக் வந்தார். கையில் ஒரு கட்டு கருஞ்சிவப்பு டேலியா. மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தார். ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது எட்மண்டின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனார். அவரும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொட்டகையில் தண்ணீர் நிற்கிற சாமானில் எல்லாம் பூவை வைத்தார் எட்மண்ட். ஊறுகாய் ஜாடி, பால் தூக்கு, யாத்விகா காப்பி குடிக்கிற கோப்பை. நடுவில் உட்கார்ந்து பார்த்தார். ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் அவள் வருஷத்தின் முதல் டேலியாவை வெட்டி, "பாரேன், எப்பிடி இருக்குன்னு" என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதை சூப்புல போடவா?" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. "இத்தனை வருஷம் பேசிப் பேசிப் பாத்தேன் எட்மண்ட், உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியலை" என்றாள். அன்றைக்கு மத்தியானமே பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் விசாரணை தொடங்கியது. தேவாலயப் பலகையில் மரண அறிவிப்பு ஒட்டவில்லையே, ஏன்? அடக்கத்துக்கு ஒருத்தரையும் கூப்பிடவில்லையே, ஏன்? அவளே அப்படித்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள் என்றார் எட்மண்ட். ஊர் கூடி அழ வேண்டாம் என்றாளாம். இதைக் கேட்டதும் நாலு பேர் ஒன்றாக அழுதார்கள். யாத்விகா அப்படிப்பட்டவள்தான், தனக்கென்று எதுவும் கேட்க மாட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். எட்மண்டுக்கு அந்தச் சொல் எங்கேயோ போய்த் தைத்தது.

அப்புறம் அவள் தோட்டத்தைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. போஜெனா டேலியாவின் தண்டை வெட்டிக் கிழங்கைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, எந்தக் கிழங்கு என்ன நிறம் என்று சொல்லிச் சொல்லி மரத்தூள் பெட்டியில் அடுக்கினாள். லுத்விக் பாத்திகளைக் கொத்திப் புரட்டினார். எட்மண்டுக்குக் கொடுத்த வேலை பெட்டியைத் தூக்குவது. அதையும் தப்பாகத் தூக்கினார் என்று போஜெனா அதட்டினாள். வேலை முடிந்து எல்லாரும் அவர் கொட்டகையிலேயே பீட்ரூட் சூப் குடித்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, எட்மண்ட் சிரித்துவிட்டார். பெண்டாட்டி செத்தவன் சிரிக்கலாமா என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

"சிரிங்க, அவளுக்குப் பிடிக்கும்" என்றாள் போஜெனா.

அன்று ராத்திரி வீட்டுக்கு நடந்து போகும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பொய் வெளியே வந்தால் இந்த வேலிக் கதவெல்லாம் மறுபடியும் சாத்திக்கொள்ளும். சாத்தினால் அப்புறம் அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு மேசையும் அதில் ஒரு தட்டும்தான். பெண்டாட்டி ஓடிப்போன கிழவனுக்கு யார் சூப் வைப்பார்கள்? வேணும், நல்லா வேணும் என்பார்கள். எட்மண்டே அப்படித்தான் சொல்லியிருப்பார், வேறு ஒருவனாக இருந்தால்.

ஆனால் மறுநாளே போஜெனா அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"எந்த வரிசையில படுத்திருக்கா? வர்ற சனிக்கிழமை நாங்க எங்க ஆளுங்க கல்லறையெல்லாம் கழுவப் போறோம். அவளோடதையும் சேத்துச் செஞ்சிடலாம்."

எட்மண்ட் இருமினார். ஒரு தடவை இருமியது போதவில்லை, மறுபடி இருமினார்.

"பின்னாடி. சுவரோரம்" என்றார்.

கல்லறைத் தோட்டம் ரயில் கேட்டைத் தாண்டினால் வந்துவிடும். அன்றைக்கே போனார். சுவரோரம் நடந்து பார்த்தார். எல்லாக் கல்லறையிலும் கல், கல்லில் பேர். செத்தவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேர் எழுதி வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. கடைசியில் எல்டர் புதருக்குப் பக்கத்தில் ஒன்று கிடைத்தது. கல் கிடையாது. உளுத்துப்போன மரச் சிலுவை ஒன்று சாய்ந்து நின்றது. பேர்ப்பலகை எப்போதோ உதிர்ந்துவிட்டது. பார்க்க ஆளில்லாத கல்லறை.

ஒரே ஒரு சங்கடம். ஆகஸ்டில் புதைத்த ஆளுக்கு மண் மேடாக இருக்க வேண்டும். இது குழியாக இருந்தது. புல் முளைத்துக் கிடந்தது. இதைக் காட்டினால் யாத்விகா உலகப் போர்க் காலத்தில் செத்துப்போனாள் என்றுதான் நம்புவார்கள்.

மண் வேண்டும். மண்ணுக்கு எங்கே போவது? தோட்டத்து மூலையில் யாத்விகாவின் மண் குவியல் இருந்தது. ரோஜாச் செடிகளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைத்து மூடினால்தான் அது குளிர்காலத்தைத் தாண்டும். அதற்காக அவள் வருஷம் முழுக்க இலை, காப்பித்தூள், காய்கறித் தோல், முட்டை ஓடு எல்லாம் போட்டு மக்கவைத்துச் சேர்த்த மண். கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். எட்மண்ட் லுத்விக்கிடம் ஒற்றைச் சக்கர வண்டியைக் கேட்டார். எதற்கு என்று லுத்விக் கேட்கவில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

பொழுது சாயும்வரை தள்ளினார். வழியில் பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள். திருநாளுக்கு முன்னால் கல்லறைக்கு மண் கொண்டுபோவது நல்ல புருஷன் செய்கிற வேலை. கடைசி வண்டியைக் கொட்டி, மண்வெட்டியால் தட்டி, மேடு கட்டி, சிலுவையை நிமிர்த்தி வைத்தபோது முதுகு ஒடிந்துபோயிருந்தது. பார்த்தார். நல்ல கல்லறையாகத்தான் வந்திருந்தது. இவ்வளவு சுத்தமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

சரி, போகலாம் என்று நினைத்தார். கால் நகரவில்லை.

"வேலை முடிஞ்சுது" என்றார் மேட்டைப் பார்த்து. தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடியும் சொன்னார்.

"நீ போனதுலருந்து ரேடியோவே போடலை நான். நீ அதை அமத்துன்னு கத்துவே பாரு, அதுக்காகத்தான் போட்டுட்டு இருந்தேன்போல. உப்பு எங்க வச்சேன்னு தெரியாம புதுசா வாங்கினேன். அப்புறம் பாத்தா கண்ணு முன்னாடிதான் இருக்கு." மூக்கைத் துடைத்தார். "அந்தப் பூ நல்லாத்தான் இருந்துச்சு. வாங்கியிருக்கணும். பேசு பேசுன்ன. இப்பப் பேசறேன் பாரு. யாரோ ஒருத்தர் தலைமாட்டுல நின்னு பேசறேன். அவங்களாவது எந்திரிச்சுப் போக மாட்டாங்க."

சில வரிசை தள்ளி யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எட்மண்ட் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினார்.

மறுநாள் காலை போஜெனா ரோஜாவுக்கு மண் அணைக்க வந்தாள். மண் இல்லை. குவியல் இருந்த இடம் பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது.

"எங்க போச்சு?"

எட்மண்டுக்குச் சட்டென்று வந்தது ஒன்றுதான். "திருடிட்டானுங்க" என்றார்.

செத்துப்போனவள் சேர்த்துவைத்த மண்ணைத் திருடுகிறார்களா? தோட்டம் முழுக்கக் கொதித்துப்போனது. போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றான் ஒருவன். ராத்திரி முறைபோட்டுக் காவல் இருக்கலாம் என்றான் இன்னொருவன். எட்மண்ட் பதறிப்போய், மண்தானே, போகட்டும், திருடினவனும் ஏதோ தேவைக்குத்தான் திருடியிருப்பான் என்றார். எட்மண்டா இப்படிப் பேசுகிறார்? ஒரு தண்ணீர்க் குழாய்க்கு ஊரைக் கூட்டினவரா? துக்கம் ஆளை எப்படி மாற்றிவிட்டது பார் என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு ஒரு கூடை மண்ணைத் தங்கள் ரோஜாவிடமிருந்து எடுத்துக் கொண்டுவந்து யாத்விகாவின் ரோஜாவுக்கு அணைத்தார்கள். அவர்கள் ரோஜா குறைவான மண்ணோடு நின்றது. எட்மண்ட் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார்.

சனிக்கிழமை எல்லாரும் வாளியும் துடைப்பமுமாகக் கல்லறைக்குக் கிளம்பினார்கள். எட்மண்ட் முன்னால் நடந்தார், தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி. சுவரோரம் போய் நின்று கையைக் காட்டினார்.

போஜெனா மண்டியிட்டு மண்ணைக் கையில் அள்ளினாள். கறுப்பு மண். அதில் வெள்ளையாக ஒரு முட்டை ஓடு. அதை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். எட்மண்டின் காதுக்குள் ரயில் ஓடியது.

"நல்ல மண்ணு" என்றாள் போஜெனா. இரண்டு ஓட்டையும் மேலுடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "மேல கிளை போட்டு மூடுங்க. குளிர் தாங்கணும்ல."

அதற்கப்புறம் அவள் பேருக்கு முன்னால் மரியாதைக்கு "பான்" போடுவதை விட்டுவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "எட்மண்ட், சாப்பிட்டியா?" என்றுதான் குரல் வரும். எட்மண்டுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் பயமும் கூடியது.

லுத்விக் புதிதாக ஒரு மரச் சிலுவை இழைத்துக் கொண்டுவந்தார். பேர்ப்பலகையும் அடித்திருந்தார். அதில் பேர் இல்லை. செத்த தேதி சொன்னால் எழுதிவிடுவார் என்று எட்மண்ட் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு தேதி வைத்திருந்தார். அவள் பஸ் ஏறிய தேதி. அதைச் சொன்னார். லுத்விக் கேட்டுக்கொண்டார். ஆனால் மரம் இன்னும் ஈரமாக இருக்கிறது, பெயிண்ட் ஒட்டாது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

திருநாளும் வந்தது. ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. வாசலில் வறுத்த கடலையும் மெழுகுவர்த்தியும் விற்றார்கள். உள்ளே கல்லுக்குக் கல் சாமந்தி. சுவரோரத்து மேட்டில் மட்டும் தொட்டிகள் மூன்று வரிசை நின்றன. தோட்டத்து ஆள் ஒவ்வொருவரும் கொண்டுவந்தது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எட்மண்டும் ஒன்று வாங்கி வந்திருந்தார். வெள்ளை. கடையிலேயே பெரிதாக இருந்தது அதுதான். இதுவரை அவர் யாத்விகாவுக்குப் பூ வாங்கினதில்லை.

அப்போது ஓர் ஆள் வந்தான். ஐம்பது வயது இருக்கும். வெளிநாட்டுக் கோட்டு, கையில் ஒரே ஒரு சின்ன மெழுகுவர்த்தி. சுவரை ஒட்டி எண்ணிக்கொண்டே வந்தவன் எல்டர் புதருக்குப் பக்கத்தில் நின்றான். புதரைப் பார்த்தான். மேட்டைப் பார்த்தான். மறுபடி புதரைப் பார்த்தான்.

"இது எங்க அம்மா கல்லறையாச்சே" என்றான்.

அவன் யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி கேட்கவில்லை. தொழிலுக்கு என்று வெளிநாடு போனவன், பல வருஷமாக வரவில்லையாம், சிலுவையாவது மிச்சம் இருக்குமோ என்று பயந்துகொண்டே வந்தானாம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு நிமிர்ந்து, "நீங்கல்லாம் யாரு? அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நாங்க இங்க தோட்டம் வச்சிருக்கறவங்க" என்றாள் போஜெனா, கண் சிமிட்டாமல். "கேக்க ஆளில்லாம கெடந்துச்சு. இவருதான் பாத்து, மண்ணு கொண்டாந்து போட்டு, மேடு கட்டினாரு. ஒத்தை ஆளா."

அந்த ஆள் எட்மண்டின் கையைப் பிடித்தான். பிடித்தவன் குனிந்து அதில் முத்தமிட்டான். அழுதான். ஐம்பது வயது ஆள் பெத்த தாயின் முன்னால் நின்று அழுகிற அழுகை. எட்மண்ட் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அவன் தன் சின்ன மெழுகுவர்த்தியைத் தொட்டிகளுக்கு நடுவில் இடம் தேடி வைத்து, கொஞ்ச நேரம் நின்று ஜெபித்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவன் போன பிறகு மெழுகு உருகுகிற வாசனைதான். லுத்விக் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். சூப் குடித்தவர்கள், மண் கொடுத்தவர்கள், பேர் தெரியாத பிளம் கேக்குக்காரி, எல்லாரும் நின்றார்கள். எட்மண்ட் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மேட்டைப் பார்த்தார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்தப் பூவெல்லாம் வேறு ஒருவனுக்கு வந்த பூ. பெண்டாட்டி செத்துப்போன ஒரு நல்ல மனுஷனுக்கு.

"அவ சாகலை" என்றார்.

யாரும் அசையவில்லை.

"யாத்விகா சாகலை. தங்கச்சி வீட்ல இருக்கா. என்னைப் பிடிக்காம விட்டுட்டுப் போயிட்டா. போனதுக்கு அவ மேல தப்பு இல்லை. என்கூட எவ இருப்பா? நீங்கல்லாம் பூ கொண்டாந்தீங்க. வேணாம்னு சொல்ல வாய் வரலை. அவ்வளவுதான். திட்டறதுன்னா திட்டுங்க."

காத்திருந்தார். போஜெனா குனிந்து, காற்றில் அணைந்துபோன ஒரு மெழுகுவர்த்தியைப் பக்கத்து மெழுகுவர்த்தியிலிருந்து பற்றவைத்தாள். வேறொருத்தி காய்ந்த இலையைத் தொட்டியிலிருந்து கிள்ளி எறிந்தாள். ஒருவரும் கிளம்பவும் இல்லை, திட்டவும் இல்லை. இப்படி நிற்கிறார்களே, கொன்றுவிட்டாலும் தேவலையே என்றிருந்தது எட்மண்டுக்கு. கைக்கு ஏதாவது வேலை வேண்டும். கால் பக்கத்தில் இருந்த தன் வெள்ளைச் சாமந்தித் தொட்டியைத் தூக்கி, சிலுவைக்கு முன்னால் வைக்கக் குனிந்தார்.

லுத்விக் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். தொட்டியை அவரிடமிருந்து மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தார்.

"அது வேணாம் எட்மண்ட்" என்றார். "'வெள்ளை வச்சா நெஜமாவே செத்துப்போன மாதிரி இருக்கும், மஞ்சளாப் பாத்து வைக்கச் சொல்லுங்க'ன்னு நேத்து ஃபோன்ல சொன்னா யாத்விகா."